டொலேடோவும் நம்மூர் நூலகமும்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் கடைசிவரை இருப்பதாக வாக்களித்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் இடம் போதாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெருமக்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட வாசகர் வட்டத் தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினில் உள்ள டொலேடோவுக்குப் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்பது நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. ஓவியம், புத்தகம், பாலம் என்று மூன்று செய்தி சொல்கிறேன்.

மாட்ரிடிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்தான். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொள்ள, பாறைக்குன்றின் மேல் ஊர். 1986இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்துக்குள் கார் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 1226இல் தொடங்கிய பேராலயம் 1493இல்தான் முடிந்ததாம். நம்மூர் மேம்பாலத்தைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும். 999இல் கட்டிய மசூதியும், யூதர்களின் பழைய தொழுகைக்கூடங்கள் இரண்டும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அந்த யூதர்களை 1492இல் நாட்டைவிட்டே விரட்டினார்கள் என்பதையும் நினைவில் வைத்துத்தான் அவற்றைப் பார்க்க வேண்டும்.

சரி, ஓவியம். சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ இருக்கிறது. அதன் பின்னால் ஒரு வழக்கு. அந்தப் பிரபு 1323இல் இறந்தார். ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் இந்தத் தேவாலயத்துக்கு இரண்டு ஆடு, பதினாறு கோழி, இரண்டு தோல்பை மது, இரண்டு சுமை விறகு, 800 மராவெதி காசு தர வேண்டும் என்று உயில் எழுதிவைத்திருந்தார். காலம் போயிற்று. ‘பிரபுதான் போய்விட்டாரே, கேட்க யார் இருக்கிறார்கள்’ என்று ஊரார் கையை விரித்துவிட்டார்கள். 1564இல் அங்கிருந்த பாதிரியார் கணக்கைப் புரட்டினார். ஆடும் இல்லை, கோழியும் இல்லை! விடுவாரா? வழக்குப் போட்டார்; 1569இல் ஜெயித்தார். அந்தப் பெருமையை ஊர் மறக்கக் கூடாதென்று 1586இல் ஓவியத்துக்குச் சொன்னார். கவசம் அணிந்த உடலைப் புனிதர்கள் இருவர் தாங்கியிருக்க, பக்கத்தில் ஒரு சிறுவன் விரல் நீட்டிக் காட்டுகிறான். அவன் சட்டைப்பைக் கைக்குட்டையில் 1578 என்று இருக்கிறது. அது ஓவியரின் மகன் பிறந்த ஆண்டு. கூலியிலும் தகராறு. மதிப்பீட்டாளர்கள் 1,200 துக்காத் காசு என்றார்கள். பாதிரியார் அதிகம் என்று மறுமதிப்பீடு கேட்டார். அது 1,600 என்று வந்தது! கடைசியில் அந்த 1,200க்கே முடிந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அது நூலகத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று கணக்குக் கேட்க, நம்மிடையே அப்படியொரு பாதிரியார் வேண்டாமா? நகர்மன்றத் தலைவர் சிரிக்கிறார், அவரைச் சொல்லவில்லை.

அப்புறம் புத்தகம். 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து ஜெரார்டு என்பவர் டொலேடோவுக்கு வந்தார். பழங்கால கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூல் லத்தீனில் கிடைக்காத ஏக்கம்; அரபில்தான் கிடைத்தது. இங்கே அரபு கற்று அதை மொழிபெயர்த்தார். அதோடு நிற்கவில்லை, எழுபதுக்கு மேற்பட்ட நூல்களைப் பெயர்த்தார். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றால் அவருக்குப் பொருந்தும். நம் பஞ்சதந்திரக் கதைகள்கூடப் பாரசீகம், அரபு வழியாகப் போய், 1251இல், பின்னாளில் மன்னரான அல்போன்சோ இளவரசராக இருந்தபோது, காஸ்தீலிய மொழிக்கு, அதாவது அன்றைய ஸ்பானிய மொழிக்கு வந்தன. அதே டொலேடோவில் இன்று அல்காசர் கோட்டையின் மேல்தளத்தில் பொதுநூலகம் இயங்குகிறது. கோட்டையிலேயே இடம் ஒதுக்குகிறார்கள். நாம் கேட்பது, நம் நூலக மாடியில் பூட்டிக்கிடக்கும் அறையை மொழிபெயர்ப்பு நூல்களுக்கு ஒதுக்குங்கள் என்பதுதான்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பாலத்தை விட்டுவிடுகிறேன். அந்த அறையைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.