குடல் பாக்டீரியா மேடத்துக்கு விழா, எனக்கு 1,500 ரூபாய் பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. உளுந்து என்ன ஆயிற்று, உளுந்து என்ன ஆயிற்று என்று கமெண்டில் குடைந்துகொண்டே இருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நாளைக்குக் காட்டுகிறேன். இன்றைக்கு வேறு கதை. நேற்று தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கத்துக்குப் போய்வந்தேன், பாதி சந்தோஷம், பாதி எரிச்சல், இரண்டும் இன்னும் அடங்கவில்லை. பழைய சோறு வீடியோ போட்டபோது போனில் எனக்குப் பொறுமையாகப் பாடம் எடுத்தார்களே ஒரு மைக்ரோபயாலஜி மேடம், ஞாபகம் இருக்கிறதா? குடல் பாக்டீரியாவோடே காலத்தை ஓட்டியவர். அவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்காக நடத்திய கருத்தரங்கம் அது. பெயர் சொல்ல மாட்டேன், மேடத்துக்குப் பிடிக்காது.

எரிச்சலை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் நடுநடுவே அதுதான் வரும். வாசலில் பதிவு மேஜை. மாணவர்களுக்கு 300 ரூபாய், ஆசிரியர்களுக்கு 750, தொழில் துறையினருக்கு 1,500. அங்கே உட்கார்ந்திருந்த தம்பி என் கையில் கேமராவைப் பார்த்தார். "யூடியூபா சார்? அப்ப தொழில் துறை" என்று சொல்லி ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். ஏன் தம்பி, நான் என்ன மருந்து கம்பெனியா நடத்துகிறேன்? போன மாதம் இந்த சேனலில் வந்த காசு ஒரு மூட்டை யூரியாவுக்குப் பத்தாது. அப்புறம்தான் பின்னால் ஒட்டியிருந்த தாளில் கடைசி வரியைப் பார்த்தேன்: விவசாயிகளுக்குக் கட்டணம் இல்லை. மதியம் அரிசி பற்றி ஒரு அமர்வு இருந்ததால் போட்டிருக்கிறார்கள். நான் விவசாயிதான் தம்பி என்றேன். ஆதாரம் இருக்கிறதா என்றார். சிட்டா வீட்டில் இருக்கிறது, அதுவும் அப்பா பெயரில். போனைத் துழாவித் துழாவி, சம்பா நெல் போட்டபோது கொள்முதல் நிலையத்தில் கொடுத்த சீட்டின் போட்டோவை எடுத்தேன். அந்தச் சீட்டுக்காக மூட்டையோடு மூட்டையாக நான் படுத்துக் கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பெரிதாக்கிக் காட்டினேன், பெயர், ரகம், எடை எல்லாம் தெரிந்தது. அந்தத் தம்பி பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டார், அவர் எழுந்து போய் இன்னொரு சாரைக் கேட்டார், அந்த சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் பேட்ஜில் 'விவசாயி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். சணல் பை, பேனா, நோட்டு எல்லாம் ஓசி. பஸ்ஸில் திரும்பி வரும்போதுகூட நான் அந்த பேட்ஜைக் கழற்றவில்லை.

சரி, உள்ளே போவோம். காலை முழுக்கப் பொன்னாடை. ஒருத்தர் போர்த்த, அடுத்தவர் போர்த்த, போட்டோகிராபர் "இன்னொரு தடவை சார்" என்று சொல்ல, கதம்ப மாலை, தஞ்சாவூர்க் கலைத்தட்டு, கண்ணாடிப் பெட்டியில் வீணை. எனக்கு இந்தப் பொன்னாடைக் கலாசாரமே ஆகாது, உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருத்தர் காதைக் கடித்தார்: இந்தத் துறையில் பெரிய மரியாதை என்றால் ஒரு பாக்டீரியாவுக்கு உங்கள் பெயரை வைப்பதுதானாம். குடலின் சளிப்படலத்தைத் தின்று வாழும் ஒன்றை 2004இல் நெதர்லாந்தில் விவரித்தபோது, அங்கே இருந்த ஆன்டூன் அக்கர்மன்ஸ் என்ற நுண்ணுயிரியலாளர் பெயரில் அக்கர்மான்சியா என்று வைத்தார்கள். ஈ.கோலை இருக்கிறதே, அதில் அந்த ஈ, எஷரிக்கியா, 1885இல் குழந்தைகளின் மலத்திலிருந்து அதைக் கண்டு எழுதிய தியோடர் எஷரிக் என்ற மருத்துவர்தான். பொன்னாடை பீரோவுக்குள் போய்விடும், இந்தப் பெயர் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் வயிற்றில் உட்கார்ந்திருக்கும்.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, நம் உடம்பில் இருக்கும் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கிறது என்று முழங்கினார். கைதட்டல். மேடம் கைதட்டவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முறை வந்ததும் நன்றி எல்லாம் சொல்லிவிட்டு மெதுவாக அதற்கு வந்தார். அந்தப் பத்து மடங்கு பழைய கணக்கு, 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கனடாவில் வேலை பார்த்த ஒருவரும் உட்கார்ந்து திரும்பக் கணக்கிட்டார்கள், 70 கிலோ ஆணுக்கு ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல், அந்த மனித செல்லிலும் பெரும்பாலானவை சிவப்பணுக்கள், பாக்டீரியா மொத்த எடையே 200 கிராம்தான் என்றார். யார் பெயரையும் எடுக்காமல் சொன்னார். சிறப்பு விருந்தினர் தண்ணீர் குடித்தார். எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது.

அவர் பேசக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், பொன்னாடை தின்றதுபோக மிச்சம். அதில்தான் அரிசி வந்தது. சோறு ஆறும்போது அதில் இருக்கும் அமைலோஸ் என்ற மாவுச்சத்துச் சங்கிலிகள் மறுபடி நெருங்கி வரிசை கட்டிக்கொள்ளும், அந்த மாவுச்சத்தைச் சிறுகுடல் நொதிகளால் சரியாக உடைக்க முடியாது, அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே இருக்கும் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து ப்யூட்டிரேட் மாதிரி குறுங்கொழுப்பு அமிலங்களைத் தரும், பெருங்குடல் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்த ப்யூட்டிரேட்தான். வாட்ஸப்பில் சுற்றுகிறதே, பழைய சோற்றில் கோடி கோடி பாக்டீரியா, சாப்பிட்டால் வயிற்றில் குடியேறிவிடும் என்று, அந்த பார்வர்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோற்றைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமில பாக்டீரியா வேறு, பெருங்குடலில் நிரந்தரமாக இருப்பவை வேறு. பழைய சோறு பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்குத்தான் சாப்பாடு என்று மேடம் சொன்னார்.

வேலூர் சி.எம்.சி. ஆட்கள் இதையே வைத்து 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு போட்டார்கள். காலரா நோயாளிகள் 48 பேர். உப்புச் சர்க்கரைக் கரைசலில் இந்த மாதிரி செரிக்காத மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. குறுங்கொழுப்பு அமிலம் பெருங்குடலை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கிறது, அதுதான் காரணம். அதில் பயன்படுத்தியது மக்காச்சோள மாவு, நம் அரிசி என்று நினைத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன், இது பொன்னாடைக்கும் முன்னால் நடந்தது. வராந்தாவில் மாணவிகள் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒரு பெண் ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார், உள்ளே வெளிர் மஞ்சள் திரவம். குடல் பாக்டீரியாவில் பலவற்றுக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது, அதனால் காற்றை எடுத்துவிட்டு வளர்க்கவேண்டும். ரெசசுரின் என்று ஒரு சாயம் அதில் இருக்கிறது, காற்று புகாத வரைக்கும் நிறம் கிடையாது. எனக்காக ஒரு பழைய குழாயின் மூடியை நெகிழ்த்திக் காட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தேன், மேல் மட்டத்தில் ஒரு ரோஸ் வளையம் வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ரோஸ் ஆகிவிட்டால் கொட்டிவிடவேண்டியதுதானாம், எத்தனை நாள் வேலையாக இருந்தாலும். அந்த கிளிப்பை இதற்குமேல் போடுகிறேன், போகஸ் போய் போய் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு பற்றிப் பேசவே கூடாது என்றிருந்தேன். கோபி மஞ்சூரியன், புலாவ், ஐஸ்கிரீம். குடல் பாக்டீரியா கருத்தரங்கத்தில், தஞ்சாவூரில், மோர் இல்லை. சரி, விடுங்கள்.

சாப்பாட்டு வரிசையில்தான் மேடத்தைப் பிடித்தேன். பேட்ஜைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்ன நெல் என்று கேட்டார். சி.ஆர். 1009, பொன்மணி என்றேன். நீங்கள் கமெண்டில் அதிகம் கேட்ட கேள்வியைக் கேட்டேன்: ஆறிய சோற்றைச் சூடாக்கினால் அந்தச் சத்து போய்விடுமா? முழுக்கப் போகாது, ஒரு தடவை வரிசை கட்டிய அமைலோஸ் சாதாரண அடுப்புச் சூட்டில் முழுக்கக் கலையாது என்றார். ஆனால் வடித்த சோற்றை அப்படியே வெளியில் விட்டுவிட்டு மறுநாள் சூடாக்குவது வேறு விஷயம், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதியில் சாகாது, அது பெருகும்போது வெளியிடுகிற, வாந்தி வரவைக்கும் நச்சு சூடாக்கினாலும் போகாது. அதனால் சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள், வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள் என்றார். வீட்டில் நீங்கள் பழைய சோறு சாப்பிடுவீர்களா மேடம் என்றேன். அவர் சாப்பிடுவாராம், வீட்டுக்காரருக்குச் சுடச்சுட வேண்டுமாம்.

எந்த அரிசியில் இந்தச் செரிக்காத மாவுச்சத்து அதிகம் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் போட்டோகிராபர் கூப்பிட்டுவிட்டார். மெயில் போடச் சொன்னார், போட்டுவிட்டேன், பதில் வந்தால் சொல்கிறேன். மாடு கத்துகிறது, தண்ணீர் காட்டவேண்டும். நாளைக்கு உளுந்து, கண்டிப்பாக.