நார்த்லேண்டின் கரடி

நேயர்களுக்கு வணக்கம். பெரிய மாலில் சுற்றிச் சுற்றிக் கால் வலிக்கும்போது, சற்று உட்கார இடம் தேடியிருப்பீர்கள். பல இடங்களில் காபி வாங்கினால்தான் நாற்காலி. ஆனால் இந்த மால்களுக்கு முன்னோடியான ஒரு வளாகத்தை, மக்கள் சும்மா வந்து உட்காரட்டும் என்று நினைத்தே கட்டினார்கள். சும்மா உட்கார! அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் கார்களின் ஊர். அதன் வடக்கு எல்லை எட்டு மைல் சாலை. அதைத் தாண்டினால் சவுத்ஃபீல்டு. அங்கே 1954 மார்ச் 22 அன்று, நான் சொன்ன அந்த வளாகம், நார்த்லேண்ட், திறந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அரசு உத்தரவாதத்தோடு கிடைத்த கடனில் பலரும் ஊருக்கு வெளியே வீடு வாங்கினார்கள். அந்தக் கடன் கறுப்பினக் குடும்பங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. எட்டு மைல் சாலைக்குப் பக்கத்திலேயே, வெள்ளையர் குடியிருப்பையும் கறுப்பினத்தவர் குடியிருப்பையும் பிரிக்க 1941இல் எழுப்பிய சுவர் இன்றும் நிற்கிறது. புறநகர் என்றால் யாருக்கான புறநகர் என்பதை இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, வீடு மாறியவர்கள் கடைக்கு எங்கே போவார்கள்? நகரின் நடுவே வுட்வார்ட் சாலையில் ஹட்சன்ஸ் என்ற பிரம்மாண்டமான கடை இருந்தது. வாடிக்கையாளர்கள் தள்ளிப் போகிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தது. அவர்களிடம் யோசனையோடு போனவர் விக்டர் க்ரூயன். வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர். ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938இல் தப்பி அமெரிக்கா வந்தவர். சாலையோரத்தில் மனம்போனபடி கடைகள் முளைப்பதற்குள் நீங்களே ஒரு வளாகம் கட்டுங்கள், உங்கள் கடையை நடுவில் வைத்து மற்றவர்களுக்கும் சுற்றிலும் இடம் கொடுங்கள் என்றார். ஒத்துக்கொண்டார்கள்.

கார்களை வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். சரக்கு லாரிகள் பூமிக்கடியில் சுரங்கப்பாதை வழியாக வந்து போகும். அதனால் மேலே, கடைகளுக்கு நடுவே, லாரியும் இல்லை, காரும் இல்லை. அங்கேதான் க்ரூயன் முற்றங்களை வைத்தார். கூரையில்லாத, வானம் தெரிகிற முற்றங்கள். மரம், பூச்செடி, நீரூற்று, பெஞ்சு. மழை வந்தால் ஒதுங்கக் கடைகளையொட்டித் தாழ்வாரம்.

அப்புறம் சிற்பங்கள். மார்ஷல் ஃப்ரெடரிக்ஸ் செய்த கரடியைப் பற்றிப் பேசாமல் என்னால் நார்த்லேண்டைத் தாண்ட முடியாது. கல்லில் ஒரு பெரிய கரடி, அதன் மேல் தங்க முலாம் பூசிய சின்னப் பையன். முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, அவ்வளவு சாது. கடை வாசலில் துணி விளம்பரம் வைத்திருக்கலாம், லாபம் வரும். இவர்கள் கரடியை வைத்தார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கடையில் என்ன வாங்கினோம் என்பது மறந்துபோனாலும் கரடி மறக்காது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: உட்கார இடமும் பிள்ளைகளுக்கு ஒரு கரடியும் வைத்தபோதுதான் அது வெறும் கடையாக இல்லாமல் ஊராக ஆரம்பித்தது.

க்ரூயன் கேட்டது இதைவிடப் பெரியது. வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஒன்றாகத் திட்டமிடப்பட்ட ஊரின் நடுவே கடைகள் இருக்க வேண்டும் என்றார். நாடெங்கும் அவரைப் பார்த்துக் கட்டியவர்கள் கடையையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1978இல் அவர் மனம் வெறுத்து, இந்த மால்கள் என் பிள்ளைகள் அல்ல, இவற்றுக்கு ஜீவனாம்சம் தரமாட்டேன் என்ற பொருள்பட லண்டனில் பேசினார்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முற்றங்களுக்கு 1970களில் கூரை போட்டார்கள். நகர நடுவில் இருந்த ஹட்சன்ஸ் 1983இல் மூடப்பட்டது, 1998இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நார்த்லேண்ட் 2015இல் மூடியது. அந்தக் கரடியை சவுத்ஃபீல்டு நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். வணக்கம்.