மேசையா, பாயா?

நடுவர் அவர்களே, மேடையில் இருப்பவர்களே, கீழே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் மடியில் ஏற்கெனவே தூங்கிவிட்ட புத்திசாலிகளே, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். எனக்குக் கொடுத்தது 10 நிமிஷம். எதிரணித் தலைவர் ஐயா பொன்னாடைக்கு நன்றி சொல்லவே 4 நிமிஷம் எடுத்துக்கொண்டார். அதை என் கணக்கில் கழித்துவிடாதீர்கள்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அறக்கட்டளை நடத்தும் பால்வாடியைத் தாங்கி நிற்பது நிர்வாகியின் மேசையா, ஆயாவின் பாயா? நான் பாயின் பக்கம். இதில் எனக்கே ஒரு சங்கடம் உண்டு. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன பால்வாடியில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். முதல் 8 வருஷம் டீச்சர். இப்போது ஒருங்கிணைப்பாளர். எனக்கு மேசை இருக்கிறது. சுழல்நாற்காலியும் இருக்கிறது, சுழலாது, ஆனால் இருக்கிறது. நியாயமாக நான் அந்தப் பக்கம் உட்கார வேண்டியவள். இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு மத்தியானம்.

எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் நூல் மில்லுக்குப் போகிறவர்கள். காலை ஆறரைக்கே பிள்ளையை இடுப்போடு கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். சத்துமாவுக் கஞ்சி, பாட்டு, மண் விளையாட்டு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குப் பாய். இந்தப் பாய்தான் விஷயம். ஒரு வியாழக்கிழமை ஆயாம்மா லீவு. அக்கா பேத்திக்குக் காது குத்து. 'நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். எம்.ஏ., பி.எட்., குழந்தை உளவியலில் டிப்ளமா. 22 குழந்தைகளைத் தூங்க வைக்க முடியாதா?

விளக்கை அணைத்தேன். தாலாட்டுப் பாடினேன். கண்ணை மூடுங்கள் என்றேன். 22 பேரும் மூடினார்கள். மூடிக்கொண்டே பேசினார்கள். சரி, தட்டிக் கொடுப்போம் என்று முதல் பாயில் உட்கார்ந்து முதுகில் தட்டினேன். அந்தப் பெண் திரும்பி, 'டீச்சர், எனக்கு முதுகு இல்ல, உள்ளங்கால்' என்றாள். உள்ளங்காலுக்குப் போனேன். அடுத்த பாயில் இருந்தவன், 'எனக்குத் தட்டக் கூடாது, தடவணும்' என்றான். அதற்கடுத்தவளுக்குத் தட்டும்போது 'ம்ம்' என்று சத்தம் வேண்டும். நான் கொடுத்த 'ம்ம்' வேறு மாதிரி இருக்கிறதாம். இன்னொரு பையன் 'எனக்குக் காது' என்றான். காதுக்கு மேலே தட்டினேன், 'அங்க இல்ல'. கீழே தட்டினேன், 'அங்க இல்ல'. அவன் மட்டும் கடைசி வரைக்கும் 'அங்க இல்ல' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒருத்தன் எழுந்து உட்கார்ந்து எனக்கு ஆலோசனை சொன்னான். 'டீச்சர், ஆயாம்மா உக்காந்துக்கிட்டுத் தட்ட மாட்டாங்க. படுத்துக்கிட்டுத்தான் தட்டுவாங்க.' படுத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும், எங்களுக்கு நன்கொடை தரும் ஒரு கம்பெனிக்குச் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். தலைக்கு மேலே மின்விசிறி. மூன்றரை வயசுப் பெண் ஒருத்தி வந்து, 'டீச்சர், உங்களுக்கு எங்க தட்டணும்?' என்று கேட்டாள். 'நெத்தியில' என்று சொன்னது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன அதே கம்பெனிக்காரர்கள் ரெண்டு மணிக்கே வந்துவிட்டார்கள். எங்கள் செயலாளர் முன்னால் வர, கேமராவோடு இரண்டு அதிகாரிகள் பின்னால் வர, கதவைத் திறந்தால்... 22 குழந்தைகளும் வாயில் விரலை வைத்து, 'உஷ்ஷ்! டீச்சர் தூங்குறாங்க!'

பின்வரிசையில் கேட்கவில்லை என்கிறார்கள். திரும்பச் சொல்கிறேன். பதிவேட்டுப்படி மத்தியானம் தூங்க வேண்டியவர்கள் 22 பேர். விழித்திருக்க வேண்டியவள் ஒருத்தி. உள்ளே தூங்குகிறவர் எண்ணிக்கை ஒன்று. விழித்திருப்பவர் 22. அதிலே ஒருத்தி பொறுப்பாக என் நெற்றியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அதிகாரிகள் நல்ல மனிதர்கள், சத்தம் போடாமல் வெளியே போய்விட்டார்கள். அடுத்த வாரம் கடிதம் வந்தது: 'குழந்தைகளின் ஒழுங்கு பாராட்டத்தக்கது.' ஊழியரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

மறுநாள் ஆயாம்மாவிடம் கேட்டேன், யாருக்கு எங்கே தட்டுவது என்று எப்படித் தெரியும்? 'சேக்க வரும்போதே அவங்கம்மாகிட்ட கேட்டுக்குவேன் டீச்சர். தூங்கப் போடும்போது எங்க தட்டுவீங்கன்னு.' சேர்க்கைப் படிவம் தயாரித்தது நான்தான், நடுவர் அவர்களே. 4 பக்கம். ஆதார் எண் உண்டு, தடுப்பூசி உண்டு, எடை உயரம் உண்டு, அப்பா வருமானம் உண்டு. எங்கே தட்ட வேண்டும் என்று ஒரு கட்டம் இல்லை.

இப்போது ஐயாவிடம் வருகிறேன். ஐயா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஓர் அறக்கட்டளைக்குப் பொருளாளர். கணக்கில் புலி. கம்பெனிச் சட்டம் 2013, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பொறுப்புக்கு, நன்கொடைக்கு வரிச்சலுகை ரசீது, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டில் இருந்து 2020-ல் 20 ஆனது என்று எல்லாம் அடுக்கினார். எல்லாம் உண்மை. பணம் இல்லாவிட்டால் பால் இல்லை, மேசை இல்லாவிட்டால் பணம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். பேச்சை அதோடு முடித்திருந்தால் நான் கூட அவருக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: 'மூக்குத் துடைக்கிற வேலைக்கா இவ்வளவு பெரிய மேடை?' நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐயா, மூக்கை லேசாக நினைக்காதீர்கள். மரியா மாண்டிசோரி என்ற பெயரைத்தான் நம் ஊரில் பாதி நர்சரிப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். 1907-ல் ரோம் நகரத்தில், சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில், குழந்தைகள் இல்லம் தொடங்கிய டாக்டரம்மா. 1939-ல், 69 வயசில், நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த அம்மா ஒரு நாள், வேடிக்கையாக இருக்கட்டுமே என்று, மூக்குச் சிந்துவது எப்படி என்று குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தார். கைக்குட்டையை எடுப்பது, சத்தம் இல்லாமல், அடுத்தவர் கண்ணில் படாமல் சிந்துவது, எல்லாம் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை. கண்கொட்டாமல் பார்த்தார்கள். முடித்ததும் நாடகக் கொட்டகை மாதிரிக் கைதட்டினார்கள். அவரே எழுதி வைத்திருக்கிறார். காரணமும் சொல்கிறார்: மூக்குக்காக எல்லோரும் குழந்தையைத் திட்டுகிறார்கள், எப்படிச் சிந்துவது என்று ஒருவரும் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. ஐயா, மூக்கைப் பற்றிப் பேசி நீங்களும் கைதட்டு வாங்கினீர்கள், அந்த அம்மாவும் வாங்கினார். உங்களுக்குத் தட்டியது பெரியவர்கள். அங்கே தட்டியது மூக்குக்குச் சொந்தக்காரர்கள்.

எங்கள் ஆயாம்மா மாண்டிசோரியைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் மூக்குத் துடைப்பதைப் பார்க்க வேண்டும். நாம் எப்படித் துடைப்போம்? பின்னால் இருந்து போவோம், பிடரியைப் பிடிப்போம், முந்தானையால் ஒரு இழு. பிள்ளை அலறும். ஆயாம்மா முன்னால் போய்க் குத்துக்கால் போட்டு உட்காருவார். பழைய வேட்டித் துணி, நாலாக மடித்தது. முதலில் துணியைப் பிள்ளையின் கையில் கொடுப்பார். அது தடவிப் பார்க்கும். திருப்பித் தரும் வரைக்கும் காத்திருப்பார். அப்புறம் ஒரு பக்கத்தை விரலால் மூடி, 'ரயில் விடு' என்பார். ரயில் வரும். மறுபக்கம். இன்னொரு ரயில். ரெண்டு பக்கமும் சேர்த்து விடக் கூடாதாம், காது அடைக்குமாம். ஜலதோஷக் காலத்தில் காலையில் மட்டும் எங்கள் ஸ்டேஷனில் 44 ரயில் புறப்படும், ஐயா. நேரம் தவறியதில்லை.

ஐயா இன்னொன்றும் சொன்னார். தாராபாய் மோடக் என்ற தலைவி இல்லாவிட்டால் பால்வாடி ஏது, அங்கன்வாடி ஏது என்று. நல்ல கேள்வி. சுருக்கமாகச் சொல்கிறேன். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற ஊருக்கு அந்த அம்மா போனார். கூடவே அனுதாய் வாக். பள்ளிக்கூடம் இருக்கிற இடத்துக்கு ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. அதனால் பிள்ளைகள் இருக்கிற முற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போனது. அங்கன் என்றால் முற்றம். தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிற அக்கா படிக்க வர முடியாது என்று தெரிந்தபோது தங்கச்சிக்கும் இடம் கொடுத்தார்கள். 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மையங்களுக்கும் அந்த முற்றத்தின் பெயர்தான் வந்தது. தலைவிதான், மறுக்கவில்லை. மேசையில் உட்கார்ந்தா தலைவி ஆனார்?

முதல் மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒன்றே ஒன்று.

'அங்க இல்ல' என்று சொன்னானே, அந்தப் பையன். அந்த வருஷம் ஐப்பசியில் அவன் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். நாலே நாள். காரியம் எல்லாம் முடிந்து பையன் திரும்பி வந்தான். கஞ்சி குடித்தான், மண்ணில் விளையாடினான். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாசம் கழித்து ஒரு சாயங்காலம் அவன் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். லாரி ஓட்டுகிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

'பையன் ராத்திரில தூங்க மாட்டேங்கிறான் டீச்சர். எங்க தட்டுனாலும் அங்க இல்லைங்கிறான். அவ எங்க தட்டுவான்னு எனக்குத் தெரியல. ராத்திரில நான் வீட்டுல இருந்ததே இல்ல.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியைத் திறந்து அவனுடைய படிவத்தை எடுத்தேன். 4 பக்கத்தையும் புரட்டினேன். அவன் அம்மா போட்ட கையெழுத்து இருந்தது. மூடி வைத்துவிட்டு ஆயாம்மாவைக் கூப்பிட்டேன்.

ஆயாம்மா பாய்களைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பையனைத் தூக்கி அவன் அப்பா தோளில் சாய்த்தார். அந்த மனிதருடைய கையைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன கை. ரெண்டு விரலை மட்டும் பிரித்து, பையனின் இடது காதுக்குப் பின்னால், மயிர் தொடங்குகிற இடத்தில் வைத்தார். 'இங்க தம்பி. வேகமா வேண்டாம். இப்படி... இப்படி...'

அவர் தட்டினார். பையன், 'அங்க இல்ல' என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் கழுத்து துவண்டது. தூங்கிவிட்டான். தட்டுவதை நிறுத்தலாமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். ஆயாம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்படியே தட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் போனார், செருப்பு மாட்டவில்லை. ஆயாம்மாதான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

வணக்கம்.