மேசையில் யார் இல்லை?

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, நாற்காலி மடக்கி இருபது வருடம் ஓட்டியவன் நான். இன நல்லிணக்க நிகழ்ச்சிக்கு எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொன்னார்கள். சரி, நாங்கள் சொதப்பியதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜூலை 21, இன நல்லிணக்க நாள். பிள்ளைகள் பள்ளிக்கு மலாய்க்காரர்களின் பாஜு குரோங், சீனர்களின் சியோங்சாம், நம் வேட்டி என்று உடுத்திப் போகிற நாள். 1997 முதல் பள்ளிகளில் இது நடக்கிறது. ஏன் அந்தத் தேதி என்று வீட்டில் இருக்கிற பேரனைக் கேட்டுப் பாருங்கள். 1964-இல் அதே தேதியில், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் வட்டாரத்துப் பக்கம் போனபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் இறந்தார்கள், 454 பேருக்குக் காயம். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 பேர் போனார்கள். அந்தச் சமயத்தில் எல்லா இனத்துப் பெரியவர்களும் நல்லெண்ணக் குழு அமைத்து, வட்டாரம் வட்டாரமாகப் போய் மக்களிடம் பேசினார்கள். ஆக, இது காயம் பட்ட நாள். உடுப்பெல்லாம் அப்புறம் வந்தது.

2013-க்கு வருகிறேன். அந்த வருடம் ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஒரே குஷி. மதியம் பன்னிரண்டரைக்கு விருந்து என்று முடிவு செய்தோம். சமையல்காரரிடம் ஹலால் சான்றிதழ் கேட்டு வாங்கினோம், அதில் பெருமை வேறு. மின்தூக்கிப் பக்கம் நாலு மொழியிலும் அறிவிப்பு ஒட்டினோம். மறுநாள் நாலாம் மாடி மக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியம்மா, அதன் முன்னால் நின்று படித்துவிட்டு, "மதியம் பன்னிரண்டரைக்கா?" என்று கேட்டார். ஆமாம், கட்டாயம் வாருங்கள் என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

மாடி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. நோன்பு மாதம்! ஹலால் சான்றிதழ் வாங்கத் தெரிந்தது, நோன்பு நினைவில்லை. எப்படி மறந்தது? திட்டமிட்ட கூட்டத்தில் நாங்கள் ஒன்பது பேர். அதில் ஒரு மலாய்க்காரர்கூட இல்லை. அவர்களைக் கலைநிகழ்ச்சிக்குக் கூப்பிடலாம் என்று வைத்திருந்தோம். பாருங்கள், ஆடுவதற்குக் கூப்பிடுகிறோம், தேதி வைக்கக் கூப்பிடவில்லை.

அந்த மக்சிக்கைக் கூட்டத்துக்கு அழைத்தோம். விருந்து சாயங்காலத்துக்கு மாறியது. ஏழு மணிக்கே எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. ஆளுக்கொரு பேரீச்சம்பழம். யாரும் சொல்லாமலே சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார்கள். ஒரு பொடியன் மட்டும் ஓரத்தை நக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். ஏழேகால் தாண்டியதும் கைப்பேசியில் பாங்கு ஒலித்தது. இருநூறு பேர் ஒன்றாகக் கடித்தோம்.

சாப்பிட்டு முடித்து, ஒரு சீனப் பெரியவர் மக்சிக் பக்கம் திரும்பினார். "அறுபத்து நாலு கலவரத்தின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் ஆட்களைப் பார்த்தாலே பயந்து ஓடுவேன்" என்றார். கடைத்தெரு மலாயில்தான் சொன்னார். மேசையே அமைதியாகிவிட்டது. மக்சிக் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "நாங்களும்தான்" என்றார். பிறகு இரண்டு பேரும் எந்தத் தெரு, எந்தக் கடை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலி மடக்கும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. மேடையில் என்ன ஆட்டம் ஆடினார்கள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முதல் கூட்டத்தில், தேதி வைப்பதற்கு முன்னால், இந்த மேசையில் யார் இல்லை என்று கேளுங்கள். சைவச் சாப்பாடு என்றால் நமக்குத்தான் என்று நினைப்போம். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிற பாட்டிகள் உங்கள் புளோக்கிலேயே இருப்பார்கள். அவர்களில் பலர் வெங்காயம், பூண்டுகூடத் தொட மாட்டார்கள். நம் சாம்பார் அவர்களுக்கு ஆகாது! கரண்டியும் தனியாக வேண்டும். கரண்டி மாறிப்போனால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், சாப்பிடாமல் எழுந்து போவார்கள். அப்புறம் அறிவிப்பில் தமிழ் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். ஒட்டும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். கடைசி விஷயத்துக்குப் பத்து நிமிடம் வேண்டும், சரி, சுருக்கிவிடுகிறேன். நம் புளோக்கைக் கட்டிய ஊழியர்கள், நம் வீட்டில் வேலை செய்யும் பெண்கள், இவர்களையும் கூப்பிடுங்கள். பரிமாற அல்ல, உட்கார்ந்து சாப்பிட. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு, அதுவும் எல்லா ஞாயிறும் கிடைக்காது. எந்த ஞாயிறு என்று முதலில் அவர்களைக் கேட்டுவிட்டு... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.