டீக்குள் எத்தனை சொல்?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் மழைக்காலச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போய்விடும், மேகம் வாசல்வரை வந்து நிற்கும். அப்படி ஒரு நாள், ஆறாவது படிக்கும் என் பேத்தி, "தாத்தா, டீக்குள்ள எத்தனை வார்த்தை இருக்கு?" என்று கேட்டாள். முப்பது வருஷம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன் நான். ஆனாலும் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்ததால் கேள்வி சட்டென்று புரியவில்லை. டி, ஈ, ஏ என்ற மூன்று எழுத்தைத்தான் கேட்கிறாள்.

மூன்றையும் மாற்றிப் போட்டால் ஈட், அதாவது சாப்பிடு. ஏட் என்றால் சாப்பிட்டான். ஈட்டா என்பது கிரேக்க எழுத்து வரிசையில் ஏழாவது எழுத்து. அவ்வளவுதான், கடை சீக்கிரம் காலியாகிவிட்டது. "இன்னொரு எழுத்து சேர்த்துக்கலாம்" என்றாள். சரி என்றேன். அந்தச் சாயங்காலம் அதிலேயே போயிற்று.

அதற்கு முன், டீ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தென்கிழக்குச் சீனக் கடற்கரையில் அதற்கு 'தே' என்று பெயர். டச்சு வணிகர்கள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் 'டே' என்றுதான் உச்சரித்தார்கள், பிற்பாடுதான் அது டீ ஆனது. நாம் தேயிலை என்கிறோம் அல்லவா? அந்தத் 'தே'யோடு நம் இலையைச் சேர்த்த சொல் அது. ஆங்கிலேயர் கைவிட்ட பழைய ஓசை நம் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். ஆர் சேர்த்தால் ரேட், விலை. பச்சைத் தேயிலைக்கு என்ன ரேட் என்று கேட்காத நாள் இந்த மலையில் உண்டா? கண்ணீரைக் குறிக்கும் டியரும் அதே நான்கு எழுத்துதான். விலை இறங்கும் நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கலாம். மூன்றாவதாக ஒன்று வரும், டேர். வகுப்பில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சரக்கை எடை போடும்போது சாக்குக்கோ பெட்டிக்கோ கழிக்கிற எடைக்கு அந்தப் பெயர். மூலம் அரபி, தள்ளிப்போட்டது என்று பொருள்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. இலையைத் தலைச்சுமையாக எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோவோம். சாக்கு ஒரு கிலோகூட இருக்காது, அங்கே இரண்டு கிலோ கழிப்பார்கள். மழை நாள் என்றால் ஈரத்துக்குத் தனியாக ஒரு கழிவு. அப்பா வாய் திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்து வெறும் சாக்கை உதறி மடிக்கும்போது மட்டும், "இதுவா ரெண்டு கிலோ?" என்பார். டேர் என்ற சொல்லைப் பல வருஷம் கழித்து அகராதியில் பார்த்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

எம் சேர்த்தால் வருகிற குடும்பம் பெரியது. டீம், டேம், மீட், மேட். மீட் என்றால் இப்போது இறைச்சி. முன்காலத்தில் எந்த உணவுக்கும் அதே பெயர்தான். மேட் என்றால் கூட்டாளி. எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயல், ஆனால் வேரும் ஒன்றுதான் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மேட். ஒரே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனை நாம் அந்நியன் என்போமா? சதுரங்கத்தில் சொல்லும் மேட் இதற்குச் சொந்தமில்லை, அது பாரசீகத்திலிருந்து வந்தது. ராஜாவுக்குப் போக்கிடமில்லை என்று அர்த்தம். அப்புறம் அதே எழுத்தில் மாட்டே என்று ஒரு பானம் உண்டு. அர்ஜென்டினா, உருகுவே பக்கம் இலையைச் சுரைக்குடுவையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, குழாய் வைத்து உறிஞ்சுவார்கள். அந்தக் குடுவையின் பெயரே பானத்துக்கு வந்துவிட்டது. டீயோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் இன்னொரு டீ!

என் சேர்த்தால் நீட். உடனே பேத்தி "பரீட்சையா?" என்றாள். அந்த நீட்டில் ஏ கிடையாது, ஈ இரண்டு. இந்த நீட் என்றால் சுத்தம். பழைய ஆங்கிலத்தில் மாட்டுக்கும் இதே சொல் இருந்தது.

கே சேர்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. டீக், நம் தேக்கு. தமிழிலும் மலையாளத்திலும் தேக்குதான். போர்த்துக்கீசியர் அதைத் தேக்கா என்று கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. கோத்தகிரி உயரத்தில் தேக்கு வளராது. முதுமலைப் பக்கம் இறங்கினால் பார்க்கலாம்.

பி சேர்த்தால் பீட். சதுப்பில் புல்லும் வேரும் பாதி மக்கி, கறுத்து, அடுக்கடுக்காகப் படிந்த மண். அயர்லாந்தில் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். நம் நீலகிரி மேட்டிலும் உண்டு. யானை ஆய்வாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்த மண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுகளில் இங்கே எப்போது புல் ஓங்கியது, எப்போது மரம் ஓங்கியது என்று 1993இல் எழுதினார்கள். நாம் மாடு மேய்த்த சதுப்பு அது.

கரண்ட் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். டம்ளரில் டீ ஆறிப் போயிருந்தது. பேத்தி எழவில்லை. கியூ சேர்த்து ஏதாவது வருமா என்று நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். வராது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வணக்கம்.