கேமராவில் இருக்கிறது, கோர்ட்டில் நிற்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் கல்லா உடைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் முகம் கேமராவில் பளிச்சென்று இருக்கிறது. கடைக்காரர் திரையில் ஓடும் காட்சியைக் கைப்பேசியில் எடுத்து, போலீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகிறார். வழக்கு ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு வரும் வரைதான் அந்த நிம்மதி.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால், அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழும் அதன் 63(4) பிரிவின்படி கூடவே வேண்டும். பழைய சட்டத்தின் பிரிவை வைத்து வக்கீல்கள் முன்பு '65பி' என்று சொன்னதுதான் இது. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது. அசல் கருவியையே உரிமையாளர் கூண்டேறி நிரூபித்தால் தேவையில்லை என்றும் சொன்னது. அதற்காக, கேமரா காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டால், அப்புறம் கடைக்குக் காவல் எது?

புதுச் சான்றிதழில் இரண்டு பகுதி. 'ஏ' பகுதியில் கருவியின் கம்பெனி, மாடல், வரிசை எண் எல்லாம் எழுத வேண்டும். 'பி' பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். யார் அந்த நிபுணர் என்று 63ஆம் பிரிவு விளக்கவில்லை. சின்னக் கடைக்காரருக்கு இதுதான் பெரிய தலைவலி.

இரண்டு பகுதியிலும் ஹாஷ் எண் கேட்பார்கள். கோப்பின் கைரேகை மாதிரி அது. ஷா-256 முறையில் 64 எழுத்து வரும். அதைக் கணக்கிட விண்டோஸில் 'சர்ட்யுடில்' (certutil) கட்டளை போதும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. ஒரு நொடியை வெட்டினாலும் அடியோடு மாறிவிடும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால், போய்ச் சேர்வது வேறு கோப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் பழைய பதிவின் மேலேயே எழுதும். பல கடைகளில் 15 நாள், 30 நாளில் காட்சி போய்விடும். ஆகவே அன்றைக்கே, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் சேர்த்து, வெட்டாமல் புது பென்டிரைவில் நகலெடுங்கள். எடுத்த கையோடு ஹாஷ் எண்ணைக் குறித்து வையுங்கள்.

டிவிஆர் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். கைப்பேசி நேரத்தையும் அதையும் ஒரே படத்தில் எடுத்து, வித்தியாசத்தை எழுதி வைத்து, நகல் முடிந்த பிறகு திருத்துங்கள்.