மரக்கொட்டகையில் பிறந்த பந்தயக் கார்

நண்பர்களே,

பந்தயக் கார் என்றதும் நமக்கு ஓட்டுநரின் முகம்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது ஓட்டுவதை நிறுத்திய பிறகு பெரிய ஆளான ஒருவரைப் பற்றி. பெயர் கென் டைரல். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் சகோதரருடன் சேர்ந்து மர வியாபாரம் செய்தவர். 1951இல் ஊர்க் கால்பந்துக் குழுவினர் பஸ் பிடித்து சில்வர்ஸ்டோன் பந்தயம் பார்க்கக் கிளம்ப, இவரும் ஏறிக்கொண்டார். அங்கே ஓடிய 500 சிசி குட்டிக் கார்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் என்ஜின் பொருத்திய கூப்பர் கார் ஒன்றை வாங்கிவிட்டார்.

சில ஆண்டுகள் ஓட்டினார். மோசமான ஓட்டுநர் அல்லர். ஆனால் முதல்தரமும் அல்லர். கையில் காசுள்ள அமெச்சூர் இந்த இடத்தில் என்ன செய்வார்? காரைக் குறை சொல்லி, இன்னும் விலை கூடியதாக ஒன்றை வாங்குவார். டைரல் தன்னையே எடைபோட்டார். ஓட்டுவதை விட்டுவிட்டு, 1960இல் பார்முலா ஜூனியர் என்ற, இளம் ஓட்டுநர்களுக்கான பந்தய வகைக் கார்களைத் தயார்செய்து, பிறரை ஓட்டவிடும் அணியைத் தொடங்கினார். பட்டறை எங்கே? மரக்கிடங்கில் இருந்த கொட்டகைதான்!

1964இல் குட்வுட் பந்தயத் தடத்தில் ஒரு சோதனை ஓட்டம். வளரும் ஓட்டுநர்களுக்கான பார்முலா 3 வகைக் கார். முதலில் புரூஸ் மெக்லாரன் ஓட்டி நேரத்தைப் பதித்தார். அவர் அப்போதே கிராண்ட் பிரீ, அதாவது உச்சநிலைப் பந்தயமான பார்முலா 1 போட்டி, வென்றவர். அடுத்து, யாரும் அதிகம் அறியாத ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் ஏறி, அதைவிட வேகமாகச் சுற்றினார். மெக்லாரன் மறுபடி காரில் ஏறி நேரத்தைக் குறைத்தார். இளைஞர் அதையும் முந்தினார். அந்த இளைஞர்தான் ஜாக்கி ஸ்டூவர்ட். 1969இல் டைரலின் அணிக்காக, பிரான்சின் மாட்ரா நிறுவனக் காரில், பார்முலா 1 உலகச் சாம்பியன் ஆனார்.

சொந்தக் கார் கட்டும் ஆசையெல்லாம் டைரலுக்கு முதலில் இல்லை. மாட்ரா தன் என்ஜினைத்தான் பொருத்த வேண்டும் என்றது. இவரோ ஃபோர்டு காஸ்வொர்த் என்ஜினை விடுவதாக இல்லை. 1970இல் மார்ச் நிறுவனக் கார்களை வாங்கி ஓட்டிப் பார்த்தார், திருப்தி இல்லை. இடையில் டெரிக் கார்ட்னர் என்ற பொறியாளர் தன் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து டைரலுக்காக ஒரு காரை வரைந்துகொண்டிருந்தார். வெளியே மூச்சுவிடவில்லை. அந்தக் கார், டைரல் 001, கனடா கிராண்ட் பிரீயில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, முன்னிலையில் ஓடும்போதே அச்சு முறிந்து நின்றது. அடுத்த ஆண்டு, 1971இல், ஓட்டுநருக்கான உலகப் பட்டம், கார் தயாரிப்பாளருக்கான உலகப் பட்டம் இரண்டும் மரக்கடைக்காரரின் அணிக்கு வந்தன.

1976இல் ஆறு சக்கரக் கார் ஒன்றையும் ஓடவிட்டார்கள். முன்னால் நான்கு சின்னச் சக்கரங்கள். வேடிக்கை என்று நினைக்காதீர்கள். ஸ்வீடனில் அது முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது!

பிறகு பெரிய நிறுவனங்களின் பணம் பந்தயத்தை விழுங்கியது. அணியை ஒரு சிகரெட் நிறுவனம் வாங்கியது. 1998 பந்தயப் பருவத்துக்கு ஓட்டுநராக டைரல் கேட்டது யோஸ் வெர்ஸ்டாப்பனை. ஆம், இன்றைய பார்முலா 1 ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தந்தையைத்தான். புதிய உரிமையாளர்கள் விளம்பரப் பணத்தோடு வந்த ரிக்கார்டோ ரொசெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே டைரல் விலகிவிட்டார்.